போணிக்கு முன் உட்காரக் கூடாது

ஜூன் 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் முதல் வேலை. இதை வேலை என்று நான் சொல்லவில்லை, சிஸ்டர் ஃபிலோமின் சொல்கிறாள். பாளையங்கோட்டை கான்வென்டில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு விடுதி நடத்துகிறாள். வார்டன் திடீரென்று நின்றுவிட்டாளாம். "ஆவுடை, உன்னைவிட்டால் கண்டிப்பான ஆள் எனக்குத் தெரியாது" என்றாள். சிநேகிதிக்கு உதவி. வேறொன்றும் இல்லை.

பெங்களூரிலிருந்து குமரேசன் ஃபோன் செய்தான். அப்பா பென்ஷன் வரும்போது உனக்கு எதற்கு வேலை, பேசாமல் இங்கே வந்து இரு என்றான். மகனும் மருமகளும் காலையில் போனால் இரவு வருகிறார்கள். அதுவரை அந்த ஃபிளாட்டில் பேசுவது டிவி மட்டும்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே குழாய்கள் ஒழுகுகின்றன, நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று மட்டும் சொன்னேன்.

உண்மையிலேயே மூன்று குழாய்கள் ஒழுகுகின்றன.

இரவு உணவுக்கு முன் மாடிப்படியில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். என்னைப் பார்த்தும் உடனே எழவில்லை. பெயர் பேச்சித்தாய், ஜவுளிக்கடையில் வேலை. முதல் விதியை அப்போதே சொல்லிவிட்டேன்: படியில் உட்காரக் கூடாது.

ஜூன் 6, வியாழன்

அறைச் சாவிகளை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதனால் இந்த மாவட்டத்துப் பெண்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பது தினமும் காலையில் என் மேஜைக்கு வந்துவிடுகிறது. முதலில் ராமலெட்சுமி, பெட்ரோல் பங்க். அவள் சாவியில்கூட அந்த வாடை இருக்கிறது. அடுத்து டிராஃபிக் போலீஸ் சுபைதா, நிழலே இல்லாத ஒரு முக்கில் நிற்கிறவள். பிறகு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெஸிந்தா. இரவு ஷிப்ட் என்றால் எல்லாரும் போகும் நேரத்தில் அவள் வருவாள். ஒருத்தி மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள், ஒருத்தி வங்கியில், இரண்டு பேர் காற்றாலைக் கம்பெனியில். கடைசியாகத் தலையில் பூவும் சீருடைப் புடவையுமாகப் பேச்சித்தாய். வண்ணார்பேட்டைப் பொன்னொளி சில்க்ஸ், பட்டுப் பிரிவு.

என் அப்பா என்னைப் பட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறவைத்து, அடுத்த மாதமே கல்யாணம் செய்து வைத்தார். சாவிகளை வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்புவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஒழுங்காக நடக்கிறது, அவ்வளவுதான்.

என்னை ஜெயிலர் என்று கூப்பிடுகிறார்களாம். சமையல்காரி செண்பகம் சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிறு

தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போவேன். வழக்கம்போல் கடைசி வரிசை. அவர் காலமான பிறகு எல்லாக் கல்யாணங்களிலும் அங்கேதான் உட்காருகிறேன். மின்விசிறி அங்கேதான் நன்றாக இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

பேச்சித்தாய் மறுபடியும் படியில். சத்தம் போட்டேன். அவள் எழப் பார்த்தாள், முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் டியூட்டிக்குக் கிளம்பி வந்த ஜெஸிந்தா, "மேடம், ஒரு நிமிசம் அவ காலைப் பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றாள். வார்டனிடம் பேசும் முறை இல்லை அது.

பார்த்தேன். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் இல்லை. கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

கடை திறப்பதிலிருந்து மூடும் வரை நிற்க வேண்டுமாம். ஆள் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டுமாம். சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் வந்து தட்டுவாராம்.

குளியலறையில் ஒரு வாளி சும்மாவே கிடந்தது. அதில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு அவள் அறைக்கு அனுப்பினேன். பாத்திரங்கள் உபயோகத்தில் இருந்தால்தான் கெடாது.

ஜூன் 20, வியாழன்

படிக்குப் பக்கத்துச் சுவர் வெறிச்சென்று இருந்தது. ஒரு மரபெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

பெஞ்சில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். கடையைப் பற்றிக் கேட்டேன். நன்றாகப் பேசுகிறாள். புடவை காட்டுவதைச் சொல்லும்போது கைகள் தாமாகவே விரிந்து மடிகின்றன. வாசலில் நுழையும்போதே யாருக்கு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். பெண்ணுக்குப் பிடித்தது ஒன்று, மாமியாருக்குப் பிடித்தது ஒன்று என்று சண்டை வந்தால், இருவருக்கும் பிடித்த மூன்றாவதை எடுத்துப் போடுவாளாம். அந்த வேலையில் அவளுக்கு ஒரு மயக்கமே இருக்கிறது.

கடைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே, செய்தித்தாளில் நானே படித்தேனே என்றேன்.

"ஸ்டூல் போட்டுருக்காவ மேடம். வரிசையா கெடக்கு. ஒவ்வொண்ணு மேலயும் பொம்மைக்குப் புடவை கட்டி உக்கார வச்சிருக்காவ."

பொம்மைகள் உட்கார்ந்திருக்க இவர்கள் நிற்கிறார்கள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கான்வென்டில் மதர் பெனடிக்டா எங்கள் முதுகு கொஞ்சம் வளைந்தாலும் ஸ்கேலால் தட்டுவார். ஆனால் உட்காரவிட்டுத்தான் தட்டுவார்.

என் மாமியார் இருக்கும் இடத்தில் மருமகள்கள் உட்காருகிற வழக்கம் இல்லை. அவர் நீண்ட ஆயுளோடு இருந்தார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

பொன்னொளி சில்க்ஸ் போய் முதலாளியைப் பார்த்தேன். பெயர் பூதலிங்கம், ஊரே அண்ணாச்சி என்கிறது. நெற்றி நிறையத் திருநீறு, நல்ல மரியாதை. எனக்கு நாற்காலி போட்டு, காப்பி குடிக்கிறீர்களா கலர் சோடா குடிக்கிறீர்களா என்று கேட்டார். என் கணவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்ததுகூடத் தெரிந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"சட்டம் நாற்காலி போடணும்னுதானம்மா சொல்லுது. போட்டுருக்கம்லா?"

"உட்காரத்தானே நாற்காலி?"

"அம்மா படிச்சவிய, உங்களுக்குத் தெரியாததில்ல. கடைக்காரன் உக்காந்தா யாவாரம் உக்காந்துரும். எங்க அப்பா காலத்துலேருந்து போணிக்கு முன்னால இந்தக் கடையில ஒரு ஆள் உக்காந்ததில்ல. போணி ஆனபிறகு கூட்டம். எங்க உக்கார?"

போணி என்றால் அவருக்கு வேதம். அன்றைய முதல் விற்பனை நல்ல கையால் நடந்தால் அன்று முழுக்க நல்லபடி நடக்கும் என்கிறார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று யார் முதல் புடவை எடுக்க வேண்டும் என்பதை முன்னதாகவே பேசி வைத்துவிடுவாராம். டாக்டர் வீட்டு அம்மா ராஜலெட்சுமி, நிறைந்த சுமங்கலி, ஏழெட்டு வருஷமாக அவர் கைதான்.

என் கையைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வெளியே வரும்போது வாசலில் நின்ற சூப்பர்வைசர் தங்கதுரை அடுத்த வாடிக்கையாளரைச் சற்றுப் பொறுத்து உள்ளே விட்டதைக் கவனித்தேன்.

கலர் குடிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. தள்ளுபடி ஆரம்பம். மூன்று நாளாகக் கடையில் துணி அடுக்கும் வேலை, பெண்கள் சரியாகத் தூங்கவே இல்லை. இன்று காலை கடை திறந்து பூஜை நடந்துகொண்டிருந்தபோது பேச்சிக்குக் கண் இருட்டியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் உட்காரும் வெள்ளை மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போணிக்கு முன். கற்பூரத் தட்டோடு அண்ணாச்சி திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மத்தியானம் பெருமழை. கூட்டம் வரவில்லை. பழி பேச்சிமேல்.

பட்டுப் பிரிவிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பெருக்கு வரை ஆள் தேவை, அதனால் அதுவரை இருக்கலாம். பிறகு வர வேண்டாமாம்.

பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். "நல்லதுதான் மேடம். எங்கூர்ல போனா நாள் பூரா உக்காந்தே இருக்கலாம். பீடி சுத்தணும்லா." அவள் ஊர் கடையத்துக்குப் பக்கம். அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். அந்தப் பீடித் தட்டு மடியில் ஏறிவிட்டால் இறங்காது என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள்.

சிரித்து முடித்தபின் கேட்டாள். "பட்டு மடிக்கிற கை மேடம். பீடி எல போய் வெட்டுமா?"

பத்து மணிக்கு விளக்கணைப்பு என்பது விதி, போய்ப் படு என்றேன்.

ஜூலை 18, வியாழன்

தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம் என்றாள் வங்கிப் பெண். எழுதலாம். வந்து பார்ப்பார்கள், ஸ்டூல் இருக்கும், போய்விடுவார்கள். பேச்சியின் வேலை அதற்குள் போய்விடும்.

அண்ணாச்சிக்குப் பயம் சட்டத்திடம் இல்லை. வேறொன்றிடம் இருக்கிறது. அது என்ன என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

உணவுக்கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஆடிப் பெருக்கு சனிக்கிழமை வருகிறது. கடையை எட்டு மணிக்குத் திறப்பார்கள். ஒன்பதுக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் போணி ஆக வேண்டும். ஆகவே நாம் வரிசையில் முதலில் நிற்க வேண்டும். சண்டை கூடாது, கோஷம் கூடாது, பதாகை கூடாது. நாம் வாடிக்கையாளர்கள். புடவை வாங்கப் போகிறோம்.

சுபைதா, "யூனிஃபார்ம்ல வரமுடியாது மேடம். லீவு போட்டுட்டுச் சுடிதார்ல வாரேன். வரிசையை மட்டும் நான் பாத்துக்கிடுதேன், பழக்கந்தான்" என்றாள். ராமலெட்சுமி ஷிப்ட் மாற்றிக்கொள்வாள். ஜெஸிந்தா இரவு டியூட்டி முடிந்து நேராக வருவாள்.

செண்பகம் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம்தான் முதல்ல நிப்பீயளா? அவிய ஏதாச்சும் சொல்லிட்டாவன்னா?"

என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டேன். அவள் சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் போய்விட்டோம். ஷட்டருக்கு முன் முதல் ஆள் நான். வெளிர்சந்தன நிறப் புடவை, வெறும் நெற்றி, கையில் குடை. எனக்குப் பின்னால் விடுதி முழுக்க. அவர்களுக்குப் பின்னால் சீக்கிரமே தெரு முழுக்கக் கூட்டம்.

ஷட்டர் ஏறியது. தங்கதுரை என்னைப் பார்த்தான், உள்ளே ஓடினான், வந்தான். "அம்மா, தப்பா நெனைக்காதிய. கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க. மொதல்ல ஒரு ஆளு வந்து போணி பண்ணிருவாவ. அப்புறம் நீங்க..."

"வரிசை எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டேன்.

சுபைதா பின்னாலிருந்து, "இங்கதான் ஆரம்பிக்குது" என்றாள். சுடிதாரில் இருந்தாலும் குரல் சீருடையில் இருந்தது. உள்ளே போனேன்.

பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்தேன், முதுகு நிமிர்ந்து. எனக்காகச் சாம்பலும் சந்தனமுமாக நாலைந்து புடவைகளை எடுத்து வைத்தார்கள். பேச்சித்தாய் காட்டினால்தான் பார்ப்பேன் என்றேன். கிடங்கில் இருக்கிறாள் என்றார்கள். காத்திருப்பதாகச் சொன்னேன்.

அண்ணாச்சி வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச்சியைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து எதிரே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எனக்குக் கழுத்து வலி" என்றேன். "அண்ணாந்து பார்க்க முடியாது. எதிரே உட்கார்ந்து காட்டினால்தான் புடவை தெரியும்."

இது பொய் இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் வலி வந்தது.

பேச்சி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி குனிந்து, மிகவும் மெதுவாக, "அம்மா, போணி ஆகலை" என்றார். அதற்குள் வாசலில் சலசலப்பு. டாக்டர் வீட்டு ராஜலெட்சுமி, மூக்குத்தி மின்ன, தாம்பூலத் தட்டோடு. அண்ணாச்சி முகத்தில் உயிர் வந்தது. "டாக்டரம்மா, வாங்க வாங்க. நீங்க ஒரு புடவைய மட்டும் தொட்டு எடுத்துருங்க, அம்மா பையப் பைய பாக்கட்டும்."

ராஜலெட்சுமி என்னைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆவுடையக்கா?"

கான்வென்டில் எனக்கு மூன்று வகுப்பு இளையவள். நான் அப்போது மானிட்டர்.

"அண்ணாச்சி, அந்த அக்காவைத் தாண்டிப் போகச் சொல்லுதீயளா? பிரேயர் லைன்ல முந்துனதுக்கு என்னைய மத்தியானம் வரைக்கும் முட்டி போட வச்சவ. எனக்கு இன்னும் பயம் போகலை. அவ எடுக்கட்டும், நான் அடுத்து எடுத்துக்கிடுதேன்."

முட்டி போட வைத்தது எனக்கு நினைவில்லை. ஆனால் செய்திருப்பேன். வரிசை வரிசைதான்.

ராஜலெட்சுமி என் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே கூட்டம் கத்தத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து இறங்கியது. ஒரு பக்கம் விதவை கையால் போணி, போணிக்கு முன் உட்கார்ந்த பெண். இன்னொரு பக்கம் ராகு காலத்தில் போணி. எது குறைந்த கேடு என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

"உக்காரு தாயி" என்றார்.

பேச்சி உட்கார்ந்தாள். முழங்காலை மடித்துத் தரையில், என் கண்ணுக்கு நேரே. உட்கார்ந்ததும் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு எனக்குப் புதிதல்ல.

சந்தனத்தையும் சாம்பலையும் புறங்கையால் ஒதுக்கினாள். திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, மெத்தை மீது உதறினாள். அரக்கு நிறம். மாம்பழ மஞ்சளில் சின்னக் கரை.

"மருமகளுக்கு" என்றேன்.

அவள் முந்தானையை எடுத்து என் தோளில் போட்டு, கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள். ராஜலெட்சுமி, "அக்கா" என்றாள்.

"இதையே கொடு."

ஒன்பது அடிக்கும் முன் போணி ஆயிற்று.

அடுத்துதான் நான் ஏற்பாடு செய்யாத ஒன்று நடந்தது. நூல் புடவைப் பிரிவில் ஜெஸிந்தா கண் சிவக்கச் சிவக்க உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் கழுத்து வலி. நின்னு காட்டுனா தெரியாது" என்றாள். ராமலெட்சுமிக்குக் கழுத்து வலி. சுபைதாவுக்குக் கழுத்தும் முதுகும். ராஜலெட்சுமி நிதானமாகத் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்கும் இப்போது லேசாக இழுக்கிறது என்றாள். விடுதிக்குச் சம்பந்தமே இல்லாத, மேலப்பாளையத்திலிருந்து பேத்தியோடு வந்த ஒரு பெரியம்மா, என்ன நடக்கிறது என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு, "எனக்குக் கழுத்து வலி இருவது வருசமா இருக்கு" என்று உரக்கச் சொன்னார். ஸ்டூல்களிலிருந்து பொம்மைகளை இறக்கினார்கள். தங்கதுரை கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொம்மைகளை இடுக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற நிலையை நான் மறக்கப் போவதில்லை.

இன்று முழுக்க அந்தக் கடையில் கூட்டம் குறையவே இல்லையாம். விற்கிறவர்கள் எதிரே உட்கார்ந்ததும் வாங்குகிறவர்களும் அவசரப்படவில்லை. ஒன்று எடுக்க வந்தவர்கள் மூன்று எடுத்தார்கள். கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு பெருக்கு இல்லை என்று அண்ணாச்சியே சொன்னாராம்.

பேச்சி வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளனவே வரணுமாம் மேடம். பட்டுக்கு."

நல்லது, சாவியை எடுத்துக்கொள், நேரமாகிவிட்டது என்றேன். அவள் போகாமல் நின்றாள். பிறகு என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வார்டன் அறையில் யாரும் கேட்காமல் உட்காருவதில்லை.

சாவியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கழுத்து வலி சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

அண்ணாச்சி விடுதிக்கே வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஆண்கள் முன்னறைவரைதான் என்பதால் அங்கேயே உட்காரவைத்துப் பேசினேன். தீபாவளி விற்பனை தொடங்கும் நாளில் நான்தான் முதல் புடவை எடுக்க வேண்டுமாம். "அம்மா கை ராசிக் கை. பெருக்கன்னைக்கே கண்டுக்கிட்டேன்" என்றார். போன மாதம் இந்தக் கையைப் பற்றி என்ன நினைத்தார் என்று நினைவூட்ட நாக்கு துடித்தது. பழம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். அன்று விடுப்புக் கிடைத்தால் வருகிறேன், நான் வேலைக்குப் போகிறவள் என்றேன்.

பேச்சி இரவு சொன்னதுதான் பெரிய செய்தி. இப்போது தினமும் காலையில் பூஜைக்கு முன் தங்கதுரை தளம் தளமாக ஓடி ஓடிக் கத்துகிறானாம்: "எல்லாரும் உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க, அண்ணாச்சி வாராவ." போணி ஆகும்வரை ஒரு பெண்ணும் நிற்கக் கூடாது. நின்றால் லட்சுமி நின்றுகொண்டே போய்விடுவாளாம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தெரியாமல் நின்றதற்கு ஏச்சு விழுந்திருக்கிறது.

"போணிக்குப் பிறகு, சாயங்காலம்?" என்று கேட்டேன்.

"ஸ்டூல்ல இப்போ நாங்கதான் மேடம். பொம்மையெல்லாம் நிக்கி."

குமரேசன் ஃபோனில், எப்போது வருகிறாய் என்று கேட்டான். தீபாவளிக்கு முன் முடியாது, போணி ஒன்று இருக்கிறது என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

தங்கை மகள் கல்யாணம். காலை ஷிப்டுக்குச் சாவிகளை வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். மருமகளுக்கு அரக்கு நிறம் ஒத்துவராது என்று பிறகுதான் தோன்றியது. புதுப் புடவையைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூச்சி அரிக்கவிடுவது ஊதாரித்தனம்.

மண்டபத்தில் நுழைந்ததும் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை ஓடி வந்து, பின்னால் இடம் போட்டிருக்கேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள், புடவையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நடந்து போய் உட்கார்ந்தேன்.

முதல் வரிசையிலும் மின்விசிறி இருக்கிறது.